பழைய காருக்கு வீட்டிலேயே எந்த அளவுக்குப் பராமரிப்பு வேலை செய்யலாம்?

கோரையாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் மூணாறு தலைப்பிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு, 2016ஆம் ஆண்டில் தயாரான சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வாங்கும்போது 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அப்பாவை மாதம் ஒருமுறை சிகிச்சைக்காகத் தஞ்சாவூர் அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் வண்டி வழியில் நிற்காமல் இருப்பது எனக்கு முக்கியம். இதற்கு முன் நான் கையாண்டது இருசக்கர வண்டி மட்டுமே. அதிலும் சங்கிலிக்கு எண்ணெய் விட்டதைத் தாண்டி எதுவும் செய்ததில்லை.

போன மாதம் ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டேன். ரசீதில் ஏர் ஃபில்டர் புதிதாக மாற்றியதாக எழுதிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போமே என்று ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றித் திறந்தால், உள்ளே கறுத்துப்போன பழைய ஃபில்டர், அதன் மடிப்புகளில் நெல் பதரும் தூசியுமாகக் கிடந்தது. பட்டறையின் பெயரைச் சொல்லிப் பயனில்லை; போன பணத்தைப் பற்றியும் பெரிதாக வருத்தமில்லை. இரண்டு நிமிடத்தில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பெட்டியை நான்கு மாதங்களாகத் திறக்காமலே இருந்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

என்னிடம் ஒரு ரிங் ஸ்பேனர் செட், காருடன் வந்த ஜாக்கி, காலால் மிதிக்கும் காற்றுப் பம்பு ஆகியவை இருக்கின்றன. வாசல் மண்தரை, ஐப்பசி, கார்த்திகையில் சேறாகிவிடும். முதலில் எந்த வேலையிலிருந்து தொடங்குவது? இன்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? அப்படி மாற்றினால் பழைய ஆயிலை என்ன செய்வது? வாய்க்கால் ஓரமாக ஊற்றிவிடலாம் என்று மாமா ஒருவர் சொல்கிறார், மனம் ஒப்பவில்லை.


பணிமனைக்காரர் எழுதியது:

தம்பி, கும்பகோணத்தில் பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஸ்பேனரைக் கொஞ்ச நாள் பெட்டியிலேயே வைத்திருங்கள். முதல் மூன்று மாதங்கள் வாரத்துக்கு ஒரு நாள், வண்டியைக் கிளப்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்ப்பதையே வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை ஒரு நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதுங்கள். எது எப்போதும் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால், அது மாறும் நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் ஆயில். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். மண்வாசல் ஒரு பக்கம் சரிந்திருக்கும் என்பதால், ஊரில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் காலியாக இருக்கும் நாளில் அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். ஓடிய இன்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் விட்டால்தான் மேலே ஏறிய ஆயில் கீழே வடியும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுத்தால், கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையில் ஆயில் நிற்க வேண்டும். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நிறைய இருந்தால் நல்லதுதானே என்று மேல் குறியைத் தாண்ட விடாதீர்கள், இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உயவுத் திறன் கிடையாது. ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், கறுப்பது அதன் இயல்பு. டிகிரி காப்பி நிறத்துக்கு வந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கலாம் என்பதால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு, ஆயில் அளவைக் காட்டுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது காட்டுவது ஆயில் அழுத்தத்தை. ஓடும்போது அது எரிந்தால், அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று எண்ணாமல் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும்.

அடுத்தது கூலண்ட். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் திரவம், மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளாஸ்டிக் தொட்டியில் உள்ள குறிகளைப் பார்த்தாலே போதும். அவசரத்துக்குப் போர்த் தண்ணீரை ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். அதிலுள்ள உப்பு, ரேடியேட்டருக்குள் குடத்தின் அடியில் படிவதைப் போலப் படிந்து வழியை அடைக்கும். தண்ணீர் கலந்தே விற்கும் கூலண்டை வாங்கி ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல், உங்கள் வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பிரேக் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பிரேக் பேட் தேயத் தேயத் தொட்டியில் அளவு மெல்ல இறங்கும். திடீரென்று இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். இரண்டுமே மெக்கானிக் திறந்து பார்க்க வேண்டியவை. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும் என்பதால்தான் பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நம் சமவெளியில் பத்து ஆண்டு மாற்றாமல் ஓட்டினாலும் குறை தெரியாமல் போகலாம். குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டு இறங்கும்போதுதான் மிதித்த பிரேக் பஞ்சு போல உள்ளே போகும். இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம், ஆனால் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எத்தனை பி.எஸ்.ஐ. என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் தெரியும். தேய்மானம் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று கணக்கு, சட்டப்படியும் அதோடு அந்த டயரின் காலம் முடிந்தது. தண்ணீர் தேங்கும் மழைக்காலச் சாலைக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. பழைய வண்டி என்பதால் டயரின் வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3516 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரம்.

ஆயில் மாற்றும் வேலையைப் பற்றி என் கருத்து: வேண்டாம். ஆயிலும் ஃபில்டரும் நீங்களே வாங்கிக் கொடுத்து, கூடவே நின்று மாற்றச் சொல்லுங்கள். காருடன் வந்த ஜாக்கி, சாலையோரத்தில் ஸ்டெப்னி மாற்றுவதற்காக மட்டும் கொடுத்தது. அதை நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டுவது உயிரோடு விளையாடுவது. நம் வண்டல் மண்ணில் நனைந்த நாளில் ஜாக்கியின் அடித்தட்டு இறங்கிக்கொண்டே போகும். ஸ்டெப்னி மாற்றுவதாக இருந்தாலும் கீழே அகலமான பலகை போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு இருபுறமும் கல் முட்டுக் கொடுத்து, நட்டுகளை வண்டியைத் தூக்குவதற்கு முன்பே தளர்த்திக்கொள்ளுங்கள்.


தூசிப்பாதை எழுதியது:

எந்த வண்டி, எந்த ஆண்டு என்பதற்குரிய கையேடு இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் பலருக்கு அந்தப் புத்தகம் கிடைத்திருக்காது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். காணொளிகளில் காட்டுவது பல நேரங்களில் வேறொரு நாட்டுக்கு விற்ற வண்டியாக இருக்கும்.


அகத்தியம்பள்ளி எழுதியது:

வேதாரண்யம் பகுதியிலிருந்து எழுதுகிறேன். மேலே பெரியவர் சொன்னவை எல்லா ஊர் வண்டிக்கும் பொருந்தும்; நம் பகுதிக்கே உரிய தொல்லைகள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது எலி. அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும், வரப்பில் இருந்த எலிகள் வீட்டுப் பக்கம் வரும். ராத்திரியில் வெதுவெதுப்பாக இருக்கும் இன்ஜினும் அதன் மேல் பஞ்சுப் போர்வையும் அவற்றுக்கு மாளிகைதான். ஃபில்டர் பெட்டிக்குள் பதர் கிடந்தது என்கிறீர்களே, அது காற்றில் வந்ததாகவும் இருக்கலாம், எலி கொண்டுவந்து சேர்த்ததாகவும் இருக்கலாம். காற்று உள்ளே வரும் குழாயின் வாய் வரை டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் புகையிலை விளையும் ஊர் என்பதால் ஒரு கொத்துப் புகையிலையை பானெட்டுக்குள் கட்டுவார்கள். வாசனை இருக்கும் வரை பலன் தருவதாகத்தான் தோன்றுகிறது, ஆனால் இன்ஜின் சூட்டில் சில வாரங்களில் வாசனை போய்விடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூடான பாகத்தின் மேல் படும்படி கட்டவும் கூடாது. அந்துருண்டை போட்டவர்கள் அந்த நெடியை ஏசி வழியாகத் தாங்களே சுவாசித்தார்கள். எனக்குப் பலித்தது இரண்டு: ராத்திரியில் பானெட்டைத் தூக்கியே வைத்துவிடுவது, கொட்டகையைச் சுற்றி வயலுக்கு வைப்பது போலவே கிட்டி வைப்பது. தஞ்சாவூர் மூங்கில் கிட்டிக்கு இணையான பொறியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாவது, சாலையில் காயும் உளுந்தும் பயறும். தை, மாசிக்குப் பிறகு செடியோடு சாலையில் பரப்பி, நம்மை ஏறிப் போகச் சொல்வார்கள். அந்தக் கொடிகள் முன் சக்கரத்துக்குப் போகும் தண்டில் சுற்றிக்கொண்டு அதன் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். உறை கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். சைலன்ஸர் பக்கம் சிக்கும் காய்ந்த வைக்கோல் இன்னும் மோசம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் பாகம், அதில் ஒட்டிய சருகு பற்றிக்கொள்ள அதிக நேரம் பிடிக்காது. அப்படி ஓர் இடத்தைக் கடந்து வந்தால், வைக்கோல் இல்லாத வெறும் தரையில் நிறுத்தி, குனிந்து பாருங்கள்; ஆறிய பிறகு குச்சியால் இழுத்துவிடுங்கள்.

மூன்றாவது உப்புக்காற்று. நீடாமங்கலம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் உங்களுக்கு அவ்வளவு இல்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வந்து போனால், வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பக்கத்தை அடித்துக் கழுவுங்கள். கதவுகளின் கீழ் விளிம்பில் நீர் வடியும் சிறு துளைகள் மண்ணால் அடைபட்டால், கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். ஒரு தென்னை ஈர்க்கு இருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் எல்லாத் துளைகளையும் குத்திவிடலாம்.

பேட்டரி முனைகளில் வெண்பச்சையாகப் பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உலர்த்தி, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் எதிர்முனை, மாட்டும்போது கடைசியில் எதிர்முனை. காரணம் தெரிந்தால் மறக்காது: வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு சேர்ந்தது, அது மாட்டியிருக்கும் நிலையில் நேர்முனையில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும், பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு காலையில் அளந்தால் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது.

கஜா புயலில், 2018 நவம்பரில், என் பழைய வண்டி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று யோசிக்காமல் சாவியைத் திருகிப் பார்த்தேன். அந்த ஒரு திருகலுக்குத்தான் இன்ஜினையே பிரிக்க வேண்டி வந்தது.


ஓடம்போக்கி எழுதியது:

பணிமனை ஐயாவின் அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ஆயில் மாற்றுவது வேண்டவே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திருவாரூரில் எங்கள் வீட்டு சிமெண்டுப் போர்டிகோவில் நானே மூன்று முறை மாற்றியிருக்கிறேன். என் கணவருக்கு அந்த வேலையில் ஆர்வமில்லை, எனக்கு இருக்கிறது. செலவு பெரிதாக மிச்சமாகும் என்று எண்ணித் தொடங்காதீர்கள். முதல் முறை வாங்கும் சாமான்களுக்கே அந்த மிச்சம் போய்விடும். ஊற்றிய ஆயில் எது, ஃபில்டர் மாறியதா இல்லையா என்பதில் சந்தேகமே இருக்காது என்பதற்காகத்தான் செய்கிறேன். உங்கள் ரசீதுக் கதையைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது.

ஆனால் மண்வாசலில் வேண்டாம். கெட்டியான சமதளமும் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரண்டு ஆக்சில் ஸ்டாண்டுகளும் இல்லையென்றால், இந்தப் பதிவை இத்தோடு விட்டுவிடுங்கள். இருந்தால், வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆயில் இளஞ்சூடானதும் நிறுத்துங்கள். தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, கையால் பலமாக அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போங்கள். ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டைத் திருப்பும்போது முனை மழுங்காமல் இருக்க, சரியான அளவில் ஆறு பட்டை சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். வடிந்து முடிந்ததும் புது வாஷர் போட்டு, முதல் பல சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்குப் போகாத போல்ட்டை ஸ்பேனரால் அழுத்தினால் ஆயில் தங்கும் அலுமினியத் தொட்டியான சம்ப்பின் மரை போய்விடும், அதற்கு ஆகும் செலவில் பத்து முறை ஆயில் மாற்றலாம்.

பழைய ஃபில்டர் கழன்றதும் அதன் ரப்பர் வளையம் அதனோடு வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியது ஏறினால் ஓட்டும்போது ஆயில் பீய்ச்சி அடிக்கும். என் முதல் முறையில் இதுதான் நடந்தது. நல்லவேளையாக போர்டிகோவிலேயே தெரிந்துவிட்டது, தரையிலிருந்த கறையைக் கழுவத்தான் ஒரு வாரம் ஆயிற்று. புது ஃபில்டரின் வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, கையாலேயே முறுக்க வேண்டும். எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்பது கையேட்டில் இருக்கும். ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண் 5டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும் வண்டிக்கு, நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியாக இருக்கட்டும் என்று வேறொன்றை ஊற்ற வேண்டாம். சொன்ன அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கசிவு பார்த்து, டிப்ஸ்டிக் பார்த்து நிரப்புங்கள்.

இனி உங்கள் மாமாவின் யோசனை. பயன்படுத்திய ஆயிலை 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்தியிருக்கின்றன. விதியை விடுங்கள்: உங்கள் வாய்க்கால் யாருடைய வயலில் போய் முடிகிறது என்று அவரையே கேளுங்கள். நீரின் மேல் ஆயில் மெல்லிய ஏடாகப் பரவி, காற்று நீரில் கரைவதைத் தடுக்கும். இன்ஜினில் தேய்ந்த உலோகத் துகள்களும் அதோடு போகும். கொசு வராமல் இருக்கக் குட்டையில் ஊற்றுவது, கரையானுக்காகக் கட்டையில் பூசுவது என்று நம் வீடுகளில் பழைய பழக்கங்கள் உண்டு. எரிந்த ஆயிலில் தோலுக்கும் உடலுக்கும் தீங்கான சேர்மங்கள் இருப்பதால் அவையும் வேண்டாம், மாற்றும்போது கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, டிரம்மில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நான் கேட்ட முதல் பட்டறை மறுத்தது, இரண்டாவது வாங்கிக்கொண்டது.


பணிமனைக்காரர் எழுதியது:

அம்மா, ஆக்சில் ஸ்டாண்டும் சிமெண்டுத் தரையும் வைத்துக்கொண்டு நீங்கள் செய்வதில் எனக்கு மறுப்பே இல்லை. தம்பியின் வாசல் மண்தரை என்று படித்ததால்தான் அப்படிச் சொன்னேன். ரப்பர் வளையத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி. பணிமனையில் புதிதாகச் சேரும் பையன்களில் பாதிப் பேர் முதல் வாரத்தில் செய்யும் தவறு அது.


கோரையாறு எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஏர் ஃபில்டரைப் புதிதாக வாங்கி நானே மாட்டினேன். கிளிப்புகளைத் திறந்து மூடியதைத் தவிர வேலை எதுவும் இல்லை. அகத்தியம்பள்ளி நண்பர் சொன்னபடி காற்றுக் குழாயின் வாயில் டார்ச் அடித்தபோது, பானெட்டின் பஞ்சைக் கிழித்துக் கட்டிய கூடு ஒன்று அரைக் கதிர் நெல்லோடு இருந்தது. எலி அப்போது வீட்டில் இல்லை. ஒயர்களில் கடி எதுவும் தென்படவில்லை. அன்று மாலையே இரண்டு கிட்டி வைத்து, மறுநாள் ஒன்று விழுந்தது.

ஆயில் அளவு இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்கிறது, மூன்று வாரமும் நகரவில்லை. டயர்களில் இரண்டு 2016ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, அதாவது வண்டியோடு வந்தவை. அவற்றை மாற்றிவிட்டுத்தான் அடுத்த முறை தஞ்சாவூர் போவதாக இருக்கிறேன். ஸ்டெப்னியில் காற்று 11 பி.எஸ்.ஐ. மட்டுமே இருந்தது. இத்தனை நாள் அதை நம்பித்தான் அப்பாவை ஏற்றிக்கொண்டு போய்வந்திருக்கிறேன். ஆயில் மாற்றும் நேரம் வரும்போது, தரை கிடைக்காதவரை, நானே வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் நின்று மாற்றிக்கொள்கிறேன். மாமாவிடம் வாய்க்கால் எங்கே முடிகிறது என்று கேட்டேன்; நான்காவது மடை அவருடையது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். முன்பக்கக் கைப்பெட்டிக்குப் பின்னால் ஏசிக்கென்று தனி ஃபில்டர் உண்டு என்கிறார்கள். அதைக் கழற்றிப் பார்த்தால் வெறும் மூடி மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றையும் காணோம். இதையும் யாராவது எடுத்துவிட்டார்களா?


ஓடம்போக்கி எழுதியது:

யாரும் எடுத்திருக்க வேண்டியதில்லை. விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு விற்கிறார்கள். மூடியைக் கழற்றி உள்ளே ஃபில்டர் செருகும் காடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே காரின் மேல் மாடலுக்கான ஃபில்டர் பெரும்பாலும் பொருந்தும். உதிரிபாகக் கடைக்கு அந்த மூடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.